எழுநூற்று இரண்டு கடல் மைல்

யாஷ் நகரத்திலிருந்து பொலோன்யாவுக்கு
எழுநூற்று இரண்டு கடல் மைல்.
யாஷில் கடல் இல்லை.
பொலோன்யாவிலும் இல்லை.
வானத்தை எதற்குக் கடலால் அளக்கிறீர்கள்
என்று ஒருமுறை கேட்டாள் சாஃப்தா.
எனக்குத் தெரியவில்லை.
இருபத்திரண்டு வருடமாக அளக்கிறேன்.

சன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து
விமானம் எந்த வழியே போகும்,
எவ்வளவு எண்ணெய் குடிக்கும்,
இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாவிட்டால்
வேறெங்கே இறங்கும்
என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவது என் வேலை.
நேர்கோடு ஒன்று உண்டு.
அதில் யாரும் பறப்பதில்லை.
கார்ப்பாத்திய மலை முதுகில் ஒரு வளைவு,
ஹங்கேரிச் சமவெளியில் ஒரு திருப்பம்,
வெனிசுக்கு முன்னால் ஒரு தயக்கம்.
எழுநூற்று இரண்டு
எழுநூற்று நாற்பத்தெட்டாகிவிடும்.

மேற்கே போகையில் காற்று முகத்தில் அடிக்கும்:
இரண்டு மணி பத்து நிமிடம்.
திரும்புகையில் முதுகைத் தள்ளும்:
ஒன்றே முக்கால்.
ஆனால் பயணச்சீட்டைப் பாருங்கள்.
ஆறு மணிக்கு இங்கே ஏறினால்
ஏழு பத்துக்கு இத்தாலி.
எட்டு மணிக்கு அங்கே ஏறினால்
பத்தே முக்காலுக்குத்தான் வீடு.
காற்று சொல்வது ஒன்று,
கடிகாரம் சொல்வது ஒன்று.
"போகும்போது ஒரு மணி நேரத்தைக்
கைமாற்றாகத் தருகிறார்கள்,
வரும்போது பிடுங்கிக்கொள்கிறார்கள்"
என்பாள் சாஃப்தா.

சாஃப்தா என் மனைவி.
பொலோன்யாவில், சரகோஸ்ஸா வாசலுக்குப் பக்கத்தில்,
ஓர்தென்ஸியோ என்ற கிழவருக்குக்
காலுறை மாட்டிவிடுகிறாள்,
சூப்பை ஆற்றித் தருகிறாள்,
இரவில் அவர் மூச்சை எண்ணுகிறாள்.
அவர் கட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நான்கு அடி.
அதைக் கடல் மைலில் மாற்றிப் பார்த்தேன் ஒரு நாள்.
திரை பூஜ்யம் காட்டியது.

பயணி ஒருவருக்கு எண்பத்து நான்கு கிலோ
என்று போடச் சொல்கிறது விதி.
சாஃப்தா ஐம்பத்தொன்பது.
மிச்ச இருபத்தைந்தையும்
அவளே நிரப்பிவிடுவாள்:
கம்பளிச் செருப்பு, வால்நட், கிழவருக்கென்று ஒரு கழுத்துத் துணி,
சோதனைச் சாவடியில் வருடாவருடம் பறிபோகும்
ப்ளம் ஜாம்.
பறிபோகும் என்று தெரிந்தும் கிண்டுவாள்.

ஜனவரி பதினொன்று.
போ நதிச் சமவெளியில் மூடுபனி வரலாம்,
வராமலும் இருக்கலாம்.
விதிக்குப் போதுமான எண்ணெய் போட்டேன்.
பிறகு நானூறு கிலோ கூட்டினேன்.
கேப்டன் ப்ரெதா தொலைபேசியில் கேட்டார்:
"ஹ்ரிஸ்கு, இந்த நானூறு எதற்கு?"
"மூடுபனி."
காகிதம் புரளும் சத்தம் கேட்டது.
பயணிகள் பட்டியலும் அதே கட்டில்தான் இருக்கும்.
"சரி, மூடுபனி" என்றார்.

வந்தது. பொலோன்யா மூடிக்கொண்டது.
என் நானூறு கிலோவுக்குப்
பத்து நிமிடம் கூடுதலாகச் சுற்றினார்கள்.
திறக்கவில்லை.
பிறகு ரிமினி.

பேருந்திலிருந்து பேசினாள்.
"இங்கே கடல் இருக்கிறது, ஹ்ரிஸ்கு.
கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு வெள்ளையாகிவிட்டது."
ரிமினியிலிருந்து பொலோன்யா
நூற்றுப் பத்துக் கிலோமீட்டர்.
மூன்று மணி நேரம் ஊர்ந்தது பேருந்து.
"வானத்தில் வந்ததெல்லாம் உன் கணக்கு.
இந்த நூற்றுப் பத்து யார் கணக்கு?"
நான் வாய் திறப்பதற்குள் அவளே,
"பாவம், கிழவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார்"
என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நிறுவனத்துக்கு விளக்கம் எழுதினேன்:
கூடுதல் எண்ணெய் நானூறு.
காரணம்: வானிலை.

அந்த விமானம் மதியமே திரும்பிவிட்டிருந்தது.
காற்று தள்ளியது, ஒன்று நாற்பதிலேயே.
இருபத்து மூன்றாம் வரிசையில், வழியோரம்,
யாரும் வரவில்லை.
எடைத்தாளில் அந்த இருக்கைக்கு நேராக
எண்பத்து நான்கை அடித்துப்
பூஜ்யம் போட்டேன்.
விதி அதுதான்.